மதிலை உயர்த்தாமல் மறைப்பு: கோத்தகிரிச் சரிவில் ஒரு தேயிலை வேலி

மலையில் வீட்டுத் தோட்டத்துக்கு மறைப்பு வேண்டும் என்றதும் எல்லாரும் போய் நிற்பது எல்லை மதிலில்தான். இன்னும் இரண்டு வரிசை கல் ஏற்றலாமா, மேலே தகரம் அடிக்கலாமா, பச்சை வலை கட்டலாமா என்று பேச்சு அங்கேயே சுற்றும். சமவெளியில் அது ஓரளவு சரி. சரிவில் கணக்கே ஒத்துவராது. அனுமதித்த உயரத்தை மீறி ஏற்றினாலும் பார்வை மறையாது என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

நாங்கள் தேயிலை வேலி வைத்த இடத்தின் அளவுகளைப் பார்த்தால் விளங்கும். கோத்தகிரி பக்கம், சுமார் 6,000 அடி உயரம். சாலை மேலே, தோட்டம் கீழே. சாலை மட்டம் தோட்டத் தரையைவிட 7 அடி உயரம். சாலை விளிம்புக்கும் மதிலுக்கும் நடுவே 6 அடி சரிவுப் புறம்போக்கு. அனுமதி வரைபடத்தில் மதிலுக்குக் கொடுத்திருப்பது 5 அடி. உட்காரும் கல் திண்ணை மதிலிலிருந்து 20 அடி உள்ளே.

சாலையில் விளிம்பிலிருந்து 2 அடி தள்ளி நடந்து வருபவரின் கண், தோட்டத் தரையிலிருந்து 12 அடி உயரத்தில் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் தலை 4 அடியில். இரண்டுக்கும் இடையே கிடைத் தூரம் 28 அடி. 28 அடிக்கு 8 அடி இறக்கம், அதாவது அடிக்குச் சுமார் மூன்றரை அங்குலம். இந்தப் பார்வைக்கோடு மதிலைக் கடக்கும் இடத்தில் தரையிலிருந்து 9 அடி 8 அங்குலத்தில் போகிறது. 5 அடி மதிலுக்கு மேலே 4 அடி 8 அங்குலம் வெட்டவெளி. அதே கோடு திண்ணைக்கு 4 அடி முன்னால் வரும்போது 5 அடி 2 அங்குலத்துக்கு இறங்கிவிடுகிறது.

ஆக, எல்லையில் 10 அடி எழுப்பினால்தான் மறைவது, திண்ணைக்குப் பக்கத்தில் ஐந்தரை அடியில் மறைந்துவிடுகிறது. பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வருபவரின் கண்ணுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சாலைக்கு மேல் 7 அடி, மதிலிலிருந்து 12 அடி தூரம் என்று வைத்தால், மதிலில் 10 அடி 3 அங்குலம் தேவை. திண்ணை அருகே 5 அடி 3 அங்குலம் போதும். பார்ப்பவர் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் உட்காருபவரின் பக்கத்தில் வித்தியாசம் ஓரிரு அங்குலம்தான். எழுந்து நிற்பவரின் தலையும் மறைய வேண்டும் என்றால் அதே இடத்தில் ஆறரை அடி வேண்டும்.

காகிதக் கணக்கை நம்பி உடனே குழி தோண்டக் கூடாது. சரிவில் தரை எங்கேயும் ஒரே மட்டமாக இருக்காது. முதலில் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) பிடித்துத் திண்ணை, மறைப்பு வரவேண்டிய கோடு, மதிலடி மூன்றின் மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு 8 அடி மூங்கில் ஒன்றில் அரை அடிக்கு ஒரு சிவப்பு டேப் சுற்றி, மறைப்புக் கோட்டில் ஒருவர் பிடித்து நிற்க, இன்னொருவர் திண்ணையில் உட்கார, மூன்றாமவர் சாலையில் நடக்க வேண்டும். பத்தடிக்கு ஓரிடத்தில் நின்று, கண் உயரத்தில் கைபேசியைப் பிடித்து, உருப்பெருக்கி ஒரு படம் எடுத்தால் எந்த டேப்புக்குக் கீழே தலை மறைகிறது என்று எண்ணிவிடலாம். பேருந்து உயரத்துக்கு செல்ஃபி குச்சியில் 7 அடிக்குத் தூக்கி எடுக்கலாம். மஞ்சு இறங்காத காலை நேரத்தில் அரை மணி வேலை. இதில் ஒரு விஷயம் பிடிபட்டது: நேரே மேலிருந்து வரும் பார்வையைவிட, வளைவில் திரும்பும்போது சாய்வாக வரும் பார்வைதான் அதிக நேரம் திண்ணையில் விழுகிறது. 6 அடி அகலத் திண்ணைக்கு 6 அடி மறைப்பு வைத்தால் பாதி வேலைகூட நடக்காது. 45 பாகைச் சாய்வு வரை மறைக்க, 4 அடி தள்ளி நிற்கும் மறைப்பு இரு பக்கமும் 4 அடி நீள வேண்டும். மொத்தம் 14 அடி. வளைவுப் பக்கம் கூடுதலாக 7 அடியில் ஒரு சிறகு. இரண்டையும் ஒரே கோட்டில் சேர்க்காமல் 3 அடி இடைவெளி விட்டு முன்பின்னாக வைத்தோம். நடக்க வழி, பார்வைக்குத் தடை. அந்த இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது பின்னால்.

மதில் விஷயத்தில் மூன்று கேள்விகளை ஊராட்சியிலோ நகராட்சியிலோ வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்திலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. உயரத்தை எந்தப் பக்கத் தரையிலிருந்து அளப்பார்கள், சாலைப் பக்கமா தோட்டப் பக்கமா? மதில்மேல் நிற்கும் கம்பிவலையும் உயரத்தில் சேருமா? எல்லைக்கு உள்ளே தனியாக நிற்கும் கூரையில்லாத சட்டத்தை எப்படிப் பார்ப்பார்கள்? சரிவில் இந்த முதல் கேள்விக்கான பதிலே இரண்டு மூன்று அடியைக் கூட்டும், குறைக்கும். மண்ணை வெட்டிச் சமப்படுத்தும் எண்ணம் இருந்தால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். நீலகிரியில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் முன்அனுமதி வேண்டும். இந்த வேலை முழுக்கக் கடப்பாரை, மண்வெட்டியோடு முடிந்தது. மண் வெளியே போகவில்லை, வெளியிலிருந்து வரவும் இல்லை.

என்ன நடுவது என்பதில்தான் மலையில் அதிகத் தவறு நடக்கிறது. சைப்ரஸ் வேகமாக வளரும், ஊட்டியில் பழைய பங்களாக்களில் அழகாகக் கத்தரித்து நிற்பதைப் பார்த்து எல்லாருக்கும் ஆசை வரும். ஆனால் அதைப் பச்சை இருக்கும் அளவுக்குள் மட்டுமே வெட்டலாம். உள்ளே பழுப்பேறிய கட்டை வரை வெட்டினால் மறுபடி துளிர்க்காது, அந்த ஓட்டை அப்படியே நிற்கும். இரண்டு வருஷம் கத்தரிக்காமல் விட்டால் வேலி மரமாகிவிடும். மரமாகிவிட்டால் 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். நம் தோட்டத்து மரம்தானே என்று வெட்டிவிட முடியாது. சில்வர் ஓக்கும் அப்படியே. உன்னிச்செடி, செஸ்ட்ரம், ஸ்காட்ச் புரூம் மூன்றையும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். இவை தோட்டத்தோடு நிற்பதில்லை. புல்வெளியையும் சோலையோரத்தையும் பிடித்து இந்த மலையை ஏற்கெனவே படுத்திய பாடு போதும்.

வெயில் அதிகம், மழை குறைவு என்றால் விராலி நல்லது. நம் மண்ணின் செடி, வெட்ட வெட்ட அடர்த்தியாகும். தவிட்டுப்பழச் செடியும் நம்முடையதுதான். பூவும் பழமும் கிடைக்கும், ஆனால் சீரான சுவராக நிற்காது. இங்கே தேர்ந்தெடுத்தது தேயிலை. புளிப்பு மண், மூடுபனி, கத்தரி மூன்றும் அதற்குப் பழக்கம். ஆடு மாடு கடிக்காது. நாற்று பக்கத்திலேயே கிடைக்கும். கத்தரிக்காமல் விட்டால் தேயிலையும் மரமாகும் செடிதான். கொழுந்து பறித்து, கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்துவதால்தான் அது புதராகத் தெரிகிறது. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே 6 அடி. குறை ஒன்றுதான்: மெதுவாக வளரும். 6 அடிச் சுவராக நான்கு வருஷம் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். அதுவரைக்கும் கம்பிவலையில் மேரக்காய் (சௌசௌ) கொடி.

அந்த வலையைத் தாங்கும் சட்டத்துக்கு ஐந்து தூண்கள். நீள மறைப்புக்கு 7 அடி இடைவெளியில் மூன்று, சிறகுக்கு இரண்டு. இரண்டு அங்குல ஜிஐ பைப் 20 அடி நீளத்தில் வரும். ஒரு பைப்பில் 9 அடித் துண்டு இரண்டு, மீதி 2 அடி. மூன்று பைப் வாங்கினால் ஐந்து தூணும் ஓர் உபரித் துண்டும் கிடைக்கும். 7 அடி மேலே, 2 அடி மண்ணுக்குள். இங்கே கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்பு மலிவாகக் கிடைக்கும், அதை நட்டுவிடத் தோன்றும். மண் மட்டத்தில் ஓயாத ஈரம். இரண்டு மூன்று மழைக்காலத்தில் அங்கேதான் இற்றுப்போய் ஒடியும். நான்கு வருஷம் நிற்க வேண்டிய வேலைக்கு அது ஆகாது.

குழி ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரம், இரண்டேகால் அடி ஆழம். அடியில் 3 அங்குலம் வெறும் ஜல்லி கொட்டி இடித்தால் பைப்பின் அடிவாயில் தண்ணீர் நிற்காது. மேலே 1:2:4 கான்கிரீட். ஐந்து குழிக்கும் சிமெண்ட் 2 மூட்டை, எம்-சாண்ட் 5 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 10 கன அடி. அடியில் போடும் ஜல்லி தனியாக ஒன்றரைக் கன அடி. தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மழை நனைத்த மணலாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். கான்கிரீட்டின் மேல்வாயைத் தரையைவிட ஓர் அங்குலம் உயர்த்தி, பைப்பிலிருந்து வெளிப்பக்கம் சரித்துப் பூச வேண்டும். தட்டையாக விட்டால் பைப்பைச் சுற்றிக் குட்டையாக நீர் நின்று, துரு அங்கேயே ஆரம்பிக்கும். வெட்டிய முனைகளில் ஜிங்க் பெயிண்ட், தலையில் மூடி. மூடி போடாத பைப் மழைநீரைக் குடித்து உள்ளிருந்து இற்றுப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். பத்து நாள் வரை வலையை இழுத்துக் கட்டாதீர்கள். இங்கே ஒரு தூண் அவசரத்தில் ஆறாம் நாளே இழுக்கப்பட்டு ஒன்றரை அங்குலம் சாய்ந்தது. அதைத் தோண்டி எடுத்து மறுபடி நடுவதற்கு ஒரு நாள் முழுக்கப் போனது.

வலை 2 அங்குலக் கட்ட வெல்டுமெஷ், 5 அடி அகலம், 21 அடி நீளம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு ஆறரை அடி வரை. உச்சியில் ஓர் அங்குல பைப் ஒன்றைக் கிடையாக ஓட்டி, அதில் அடிக்கு ஒரு முடிச்சாகக் கட்டுக்கம்பி போட வேண்டும். தூணில் மட்டும் கட்டினால் கொடியின் பாரத்தில் நடுவில் தொய்யும்.

கீழே விட்ட ஒன்றரை அடி மிச்சம் பிடிக்க அல்ல. இரவில் குளிர்க்காற்று சரிவில் தண்ணீர் போலக் கீழே வழியும். குறுக்கே அடைத்து ஒரு சுவர் வைத்தால் அதன் மேற்பக்கத்தில் தேங்கும். ஊட்டி, அவலாஞ்சி மாதிரி உறைபனி விழும் இடமாக இருந்தால் அந்தத் தேக்கத்தில்தான் செடி முதலில் கருகும். முன்பின்னாக விட்ட 3 அடி இடைவெளியும் இதற்காகத்தான். அதோடு கோத்தகிரியில் கரடி நடமாட்டம் எல்லாரும் அறிந்தது. வீட்டு வாசலுக்குப் பக்கத்தில், அடிவரை அடைத்த புதருக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று தெரியாமல் இருட்டில் நடப்பது நல்லதல்ல. இடைவெளிக்கு நேரே ஒரு விளக்கு போட்டாக வேண்டும். காட்டெருமையைத் தடுக்கலாம் என்று இதில் முள்கம்பி சுற்றுவதும் வேண்டாம். அது நுழைய நினைத்தால் இந்தச் சட்டம் தாங்காது, கம்பி அதன் உடம்பைக் கிழிப்பதுதான் மிச்சம்.

பச்சை வலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 90 சதவீத நிழல்வலையை இந்தச் சட்டத்தில் கட்டினால் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும்; ஜூலைக் காற்றில் முடிச்சு முடிச்சாகப் பிய்யும். அவசரத்துக்குக் கட்டுவதாக இருந்தால் 50 சதவீத வலை போதும். பாதிக் காற்றை விடும் தடுப்பே காற்றை நன்றாகத் தணிக்கும். முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறி, திண்ணைமேல் சுழன்று விழும்.

நடவு ஜூன் கடைசியில். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமாகக் கொட்டும், எனவே அக்டோபருக்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்த மலை இது. சரிவுக்குக் குறுக்கே நீள வாய்க்கால் தோண்டி அதில் செடி வைப்பது இங்கே ஆபத்து. தண்ணீர் அதில் நின்று மண்ணை ஊறவைத்துக் கீழே தள்ளும். தனித்தனிக் குழியே சரி. ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம். சாலைப் பக்கத் தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியும் குழாய் வாய்களை எடுத்த மண்ணால் மூடிவிடக் கூடாது. மறைப்புக்கு மேற்பக்கம் அரை அடி ஆழத்தில் ஒரு வடிகால் கீறி, ஓரமாகக் கல் பதித்த ஓடையில் சேர்த்துவிட வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் இரட்டை வரிசை நடவு 135 x 75 x 75 செ.மீ. (இரட்டைக்கு இரட்டை, வரிசைக்கு வரிசை, செடிக்குச் செடி) கணக்கில் வரும். அது கொழுந்து பறிக்க ஆள் நடப்பதற்கான இடைவெளி. வேலிக்கு இன்னும் நெருக்கம் வேண்டும்: செடிக்குச் செடி 2 அடி, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசைச் செடி வரும்படி. நீள மறைப்பில் 7-ம் 6-ம், சிறகில் 4-ம் 3-ம், ஆக 20 நாற்று. பட்டுப்போவதற்கு ஈடாக 4 கூடுதல். முதல் வரிசை வலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சாலைப் பக்கம். வேலியின் நடு திண்ணையிலிருந்து ஆறடிக்கு மேல் நகர்வதால் தேவையான உயரம் 5 அடி 2 அங்குலத்திலிருந்து ஏறக்குறைய 6 அடியாகக் கூடும். அதனால்தான் இலக்கு 6 அடி. திண்ணையில் உட்கார ஓர் அரை அடி தாழ்ந்த பலகை போட்டாலே தேவை 5 அங்குலம் குறையும். செடி வளரும் வரை இதைவிட மலிவான வழி கிடையாது.

நாற்றுப் பையைக் கிழிப்பதற்கு முன் அடியிலிருந்து ஓர் அங்குலத்தைக் கத்தியால் அப்படியே சீவி எறியுங்கள். பையின் அடியில் வேர் வட்டமாகச் சுருண்டு கிடக்கும். பார்க்க வெள்ளையாக, ஆரோக்கியமாகத்தான் இருக்கும். அப்படியே நட்டால் அந்தச் சுருளிலேயே தடித்துக் கீழே இறங்காமல் நின்றுவிடும். இரண்டாம் வருஷக் கோடையில் பக்கத்துச் செடி பச்சையாக நிற்க, இது மட்டும் வாடும். சீவிய பிறகு பக்கவாட்டில் கிழித்து, மண்கட்டி உடையாமல் வைத்து, தண்டும் வேரும் சேரும் கழுத்து தரைமட்டத்துக்கு வரும்படி மண் நிரப்ப வேண்டும். குழிக்கு 2 கிலோ மக்கிய தொழுவுரம். சுண்ணாம்பு, டோலமைட் எதுவும் வேண்டாம். தேயிலைக்குக் கார அமில நிலை (pH) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும். பழைய மரத்தின் அடிக்கட்டை கோட்டில் இருந்தால் வேரோடு தோண்டி எடுத்துவிடுங்கள். வேரழுகல் அதிலிருந்துதான் தேயிலைக்குத் தொற்றும்.

இங்கே நேர்ந்த ஒரு கோளாறைச் சொல்லியாக வேண்டும். நடுத் தூணுக்கான கான்கிரீட் வெறும் மண்மேல் குழைக்கப்பட்டது. கழுவிய தண்ணீரும் அங்கேயே ஊறியது. செப்டம்பரில் அந்த இடத்துச் செடிகள் மூன்றின் இளம் இலைகள் மஞ்சளாயின, நரம்பு மட்டும் பச்சை. மற்ற 17-ம் நன்றாக இருந்தன. நோய் என்று மருந்து அடிப்பதில் பயனில்லை. சிமெண்டின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிட்டது, வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை. அந்த மூன்று குழியின் மண்ணையும் சுற்றிலும் ஓரடிக்கு வாரி எடுத்து, தோட்டத்தின் மறுமூலையிலிருந்து மண் போட்டு, உபரி நாற்றில் மூன்றை வைத்தாயிற்று. கான்கிரீட்டைத் தார்ப்பாய் மேல் குழைத்து, கழுவிய நீரை நடவுக் கோட்டுக்குக் கீழ்ப்பக்கம் ஊற்றியிருந்தால் இந்த வேலையே இல்லை.

மேரக்காயை முழுக் காயாகவே, முளை வெளியே தலைகாட்டியதைப் பார்த்து, முக்கால் பாகம் புதைத்தால் போதும். இரு கோடித் தூண்களில் மட்டும் ஒவ்வொன்று. தேயிலையிலிருந்து 3 அடி தள்ளி. ஆசைப்பட்டு நான்கு வைத்தால் ஒரே மழையில் வலையை மூடிவிட்டு இளம் தேயிலைமேல் படரும். வாரம் ஒருமுறை தேயிலைப் பக்கம் நீளும் நுனிகளைக் கிள்ளி வலைக்குத் திருப்பிவிட வேண்டும். காயை முற்றவிடாமல் பறித்துக்கொண்டே இருந்தால் பாரமும் ஏறாது, குழம்புக்கும் ஆகும். பனிக்காலத்தில் கொடி காய்ந்து வலை வெறிச்சோடும். சாலையில் வண்டிகள் வரிசை கட்டும் ஏப்ரல், மே சீசனுக்குள் மறுபடி தழைய, பிப்ரவரியில் காய்ந்த கொடியை அறுத்து எரு வைக்க வேண்டும். அடியில் கிழங்கு வைத்ததும் முள்ளம்பன்றி தேடி வரும். குழியைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குக் கல் பதித்தால் தாக்குப்பிடிக்கும்.

நாற்று வைத்த நான்கைந்து மாதத்தில் தேயிலையின் நடுத்தண்டை, எட்டுப் பத்து முற்றிய இலை விட்டு, நறுக்க வேண்டும். உயரம்தானே வேண்டும், எதற்கு வெட்டுவது என்று கை தயங்கும். தயங்கி விட்டுவிட்டால் ஒற்றைக் குச்சியாக ஓடிப்போய், அடியில் கடைசிவரை வெறுமையாகவே இருக்கும். வெட்டிய இடத்துக்குக் கீழே நாலைந்து கிளை வெடித்ததும், 14 அங்குலத்தில் ஒருமுறையும் 24 அங்குலத்தில் ஒருமுறையும் நுனி கிள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தளிர்ப்புக்கும் அரை அடி உயர விட்டு, கிடையாக நூல் கட்டிக் கத்தரிக்கலாம். பக்கங்களை அடி 3 அடியும் உச்சி 2 அடியுமாகச் சரித்தே வெட்ட வேண்டும். நேர்செங்குத்தாக வெட்டினால் உச்சி அகன்று, அடிக்கு வெயில் படாமல், கீழ் இலை எல்லாம் உதிரும். வேலி என்று வைத்தது காலுக்கடியில் திறந்துகிடக்கும்.

முதல் கோடையில், ஜனவரி முதல் ஏப்ரல் வரை, செடிக்கு வாரம் இருமுறை 4 லிட்டர் தண்ணீர். காய்ந்த புல் 3 அங்குலத்துக்கு மூடாக்கு, தண்டைத் தொடாமல். மழைக்காலத்தில் கொப்புள நோய் வரும். இளந்தளிரில் மட்டுமே பிடிக்கும், முற்றிய இலையை ஒன்றும் செய்யாது. கத்தரிப்பை இரண்டு வாரம் முன்னால் இழுத்து அந்தத் தளிரை எடுத்துவிட்டால் வேலிக்கு மருந்தே தேவைப்படாது.

தேயிலை 5 அடியைத் தாண்டியதும் வலையை அறுத்து எடுத்துவிட வேண்டும். விரல் பருமன் கிளைகள் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் பிறகு செடியை வெட்டித்தான் வலையை எடுக்க முடியும். மேரக்காயின் கடைசி அறுவடை முடிந்த குளிர்காலம் அதற்குத் தோது. தூண்களையும் உச்சி பைப்பையும் விட்டுவைக்கலாம். காற்றடிக்கும் மாதங்களில் வேலி சாய அதில் ஒரு தாங்கல் இருக்கும். அறுத்த வலை கேரட் பாத்திக்கு ஆகும். முள்ளம்பன்றி வரும் பக்கத்தில் ஓரடியை மண்ணுக்குள் விட்டு நட்டுவிடுங்கள்.